பத்துப் புத்தகம் படித்துவிட்டு உள்ளதை உள்ளபடி சொல்வது எப்படி?

மூன்று மாதத்தில் நாவல், சிறுகதை, கவிதை, மொழிபெயர்ப்பு, தன்வரலாறு, அறிவியல் என்று கலந்துகட்டிப் பத்துப் புத்தகம் படித்திருக்கிறீர்கள். ஒவ்வொன்றையும் பற்றி மனதில் பட்டதை ஒளிக்காமல் எழுத ஆசை. ஆனால் உட்கார்ந்தால் ‘நன்றாக இருந்தது’, ‘ஒட்டவில்லை’ என்ற இரண்டு வாக்கியத்துக்கு மேல் நகரவில்லை என்கிறீர்கள். துணிச்சல் போதவில்லையோ என்றும் சந்தேகப்படுகிறீர்கள். துணிச்சலுக்குக் குறைவில்லை, குறிப்புகள்தான் கையில் இல்லை. மூன்று மாதம் முன்பு மூடிய புத்தகத்தைப் பற்றி இன்று எழுதுகிறவர், அது தன்னிடம் விட்டுப்போன மங்கலான சாயலைப் பற்றித்தான் எழுதுகிறார். அந்தச் சாயல் பொய் சொல்லும்.

எப்படிச் சொல்லும் என்பதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1993இல் உளவியலாளர் டேனியல் கானமனும் அவருடைய கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வில், ஆட்கள் ஒரு கையை 14 டிகிரிக் குளிர்நீரில் 60 விநாடி வைத்திருந்தார்கள். இன்னொரு முறை அதே 60 விநாடி, அதன்மேல் கூடுதலாக 30 விநாடி. அந்தக் கடைசி அரை நிமிடத்தில் நீரின் சூடு மெல்ல 15 டிகிரிக்கு ஏற்றப்பட்டது. எதை மறுபடி செய்யச் சம்மதம் என்று கேட்டபோது பெரும்பாலோர் நீண்டதைத் தேர்ந்தெடுத்தார்கள். மொத்த வலி அதில்தான் அதிகம், ஆனால் முடிவு சற்று இதம். நினைவு உச்சத்தையும் முடிவையும் பிடித்துக்கொண்டு, நடுவில் எவ்வளவு நேரம் அவதிப்பட்டோம் என்பதை விட்டுவிடுகிறது. 400 பக்க நாவலில் 150 பக்கம் இழுவை, கடைசி 20 பக்கம் பிரமாதம் என்றால், ஒரு மாதம் கழித்து வாயில் வருவது ‘பிரமாதம்’ மட்டும்தான். முடிவில் சறுக்கிய நல்ல நாவல், அதே கணக்கில், முழுதாகக் கெட்ட பெயர் வாங்கும்.

ஆகவே கருத்து எழுதும் வேலை, படிக்கும்போதே தொடங்கிவிடுகிறது. ஒரு பென்சில், மூன்றே குறி. பிடித்த இடத்தில் ஓரத்தில் நேர்கோடு, சந்தேகம் வந்த இடத்தில் கேள்விக்குறி, கவனம் நழுவிய இடத்தில் பெருக்கல் குறி. முதல் இரண்டையும் எல்லோரும் போடுகிறார்கள். மூன்றாவதை யாரும் போடுவதில்லை, உண்மையில் அதுதான் முக்கியம். ஒரே பத்தியை இரண்டாம் முறை படிக்க நேர்ந்தாலோ, கை தானாகக் கைப்பேசிக்குப் போனாலோ, அந்தப் பக்கத்தில் பெருக்கல் குறி. 300 பக்கப் புத்தகத்தில் நேர்கோடு 15ஐத் தாண்டக் கூடாது. அறுபது இடத்தில் கோடு போட்டால் எதுவுமே தனித்து நிற்காது. இரவல் புத்தகமென்றால் நான்காக மடித்த தாளை அடையாளத் தாளாக வைத்துக்கொண்டு அதில் பக்க எண்ணையும் குறியையும் எழுதினால் போதும். மின்னூலில் எழுத்தின் அளவை மாற்றினால் பக்கம் நகர்ந்துவிடும், அதனால் அத்தியாய எண்ணையோ விழுக்காட்டையோ குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை மூடும்போதும் ஒரு வரி: எத்தனை பக்கம், எவ்வளவு நேரம், எந்த நிலையில். பயணத்தில் பத்துப் பத்து நிமிடமாகத் துண்டு போட்டுப் படித்த நாவல் ‘கோவையாக இல்லை’ என்று தோன்றினால், துண்டு போட்டது யார் என்பதை இந்த வரி சொல்லிவிடும்.

முடித்த 24 மணி நேரத்துக்குள் பத்து நிமிடம் உட்கார்ந்து, அடித்தல் திருத்தல் பார்க்காமல் ஒரு பச்சைக் குறிப்பு எழுதுங்கள். மற்றவர்கள் என்ன சொன்னார்கள் என்று அதற்குமுன் பார்க்கவே கூடாது. ஒருவருடைய மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டால் உங்கள் மதிப்பெண் அதைச் சுற்றித்தான் ஆடும். பின்னட்டை வாசகமும் முன்னுரையும் இந்தக் கணக்கில் சேரும், முன்னுரையைக் கடைசியில் படிப்பது நல்ல பழக்கம். பிறகு ஏழு முதல் பத்து நாள் விட்டு, புத்தகத்தைத் திறக்காமல், மனதில் நிற்பதை மட்டும் ஐந்து வரியில் எழுதுங்கள். இரண்டு குறிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உங்கள் கருத்துக்கான பொருள் அங்கே கிடக்கும். முதலில் சிலாகித்தது இரண்டாவதில் காணாமல் போயிருந்தால் அது வாசிப்பின் வேகம் தந்த போதை. முதலில் எரிச்சலூட்டியது இரண்டாவதிலும் நிற்கிறது என்றால் அந்த இடத்தை மறுபடி படியுங்கள், பாதிக்குப் பாதி அது புத்தகத்தின் பலமாக இருக்கும்.

இனி, அலுப்பு என்ற பொருளில் நாம் சொல்லும் ‘போர்’ என்ற சொல். எண்ணூறு ஆண்டுக்கு முன்பே இதைவிட நுட்பமாகக் குறை சொல்லத் தெரிந்த மொழி நம்முடையது. பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் ஒரு நூலுக்கு வரக்கூடிய குற்றம் பத்து என்று பெயரிட்டுப் பட்டியல் போட்டிருக்கிறார். இலக்கண வகுப்பில் மனப்பாடம் செய்து மறந்துபோன அந்தப் பட்டியல், இன்றைய நாவலுக்கும் கட்டுரை நூலுக்கும் அப்படியே பொருந்துகிறது. அவற்றில் எட்டு இங்கே: சொல்ல வேண்டியதைக் குறைத்துவிட்டால் குன்றக் கூறல். அளவு மீறினால் மிகைபடக் கூறல். சொன்னதையே சொன்னால் கூறியது கூறல். முன்னுக்குப் பின் முரணினால் மாறுகொளக் கூறல். இதுவா அதுவா என்று திகைக்கவிட்டால் மயங்கவைத்தல். பொருளில்லாமல் சொல்லை அடுக்கினால் வெற்றெனத் தொடுத்தல். எடுத்ததை விட்டு வேறெதையோ பரப்பினால் மற்றொன்று விரித்தல். வரவர வலுவிழந்து முடிந்தால் சென்று தேய்ந்திறுதல். ‘போர்’ என்று எழுத வரும்போது இந்தப் பட்டியலில் எது என்று கேளுங்கள். கூறியது கூறலும் மற்றொன்று விரித்தலும் ஒரே மாதிரி அலுப்பைத்தான் தரும், காரணம் வேறு வேறு. முதலாவதை வெட்டிச் சரிசெய்யலாம், இரண்டாவதற்குப் புத்தகத்தையே வேறு மாதிரி கட்ட வேண்டும்.

இப்படி மாறும்: ‘நடுவில் கொஞ்சம் போர்’ என்பதை, ‘180ஆம் பக்கத்தில் வழக்கு தொடங்குகிறது, உடனே 60 பக்கத்துக்கு வழக்கறிஞரின் கல்லூரிக் காதல் வந்து உட்கார்ந்துகொள்கிறது, திரும்பி வரும்போது வழக்கு நினைவில்லை’ என்று எழுதினால், அதே காதல் கதைக்காகவே அந்த நாவலைத் தேடிப் போகிறவரும் இருப்பார். பயனுள்ள குறை என்பது அதுதான்.

ஒவ்வொரு வகைக்கும் அளவுகோல் வேறு. எல்லாவற்றையும் ஒரே தராசில் போடுவதுதான் கலவையான பட்டியல்களில் நடக்கும் பெரிய அநியாயம்.

நாவலை எடைபோட, படித்து முடித்தபின் கால், அரை, முக்கால் தூரத்தில் இரண்டிரண்டு பக்கம் திரும்பப் படியுங்கள். அந்தந்த இடத்தில் யாருக்கு என்ன வேண்டும், அதைத் தடுப்பது எது என்று ஒரு வரியில் சொல்ல முடிந்தால் கதைக்கு முதுகெலும்பு இருக்கிறது. உரையாடலைச் சோதிக்க, பேசுகிறவர் பெயரை விரலால் மூடிக்கொண்டு படியுங்கள். பாட்டியும் பேரனும் ஒரே வாக்கியத்தில் பேசினால் இரண்டும் ஆசிரியர் குரல். வட்டார வழக்கில் எழுதிய நாவலில் பாத்திரம் கோபப்படும்போது மட்டும் வழக்கு போய்ப் பொதுத்தமிழ் வந்துவிடுகிறதா என்றும் பாருங்கள், அவசரத்தில் எழுதிய இடங்கள் அங்கேதான் பிடிபடும். கதையை எவ்வளவு சொல்லலாம் என்றால், முதல் கால்பங்கு வரை. அதற்கு மேல் ஒன்றைச் சொல்லியே தீர வேண்டுமென்றால் முன்கூட்டியே எச்சரித்துவிடுங்கள்.

சிறுகதைத் தொகுப்புக்குச் சராசரி மதிப்பெண் போடாதீர்கள். பன்னிரண்டில் மூன்று கதை மறுபடி படிக்கத் தூண்டினால் ‘பன்னிரண்டில் மூன்று’ என்றே எழுதுங்கள், அந்த மூன்றின் தலைப்போடு. ஒரே உட்காரலில் இரண்டு கதைக்கு மேல் வேண்டாம். எட்டு ஆண்டில் எழுதியதை எட்டு மணி நேரத்தில் படித்தால் எல்லாக் கதையும் ஒரே திருப்பத்தில் முடிவதுபோலத் தெரியும். அதில் ஒரு பங்கு உங்கள் வேகத்தின் குற்றம். கதைகள் முதலில் வெளிவந்த ஆண்டு பின்னால் அச்சிடப்பட்டிருந்தால் அந்த வரிசையில் படித்துப் பாருங்கள், ஆசிரியர் வளர்ந்தாரா தேய்ந்தாரா என்பது பளிச்சென்று தெரியும்.

கவிதையை வாய்விட்டுப் படிக்காமல் கருத்துச் சொல்லக் கூடாது. நாளுக்கு ஐந்தாறு கவிதை, முழுத் தொகுப்பையும் இரண்டு முறை. வரிகளை ஒட்டி உரைநடையாக எழுதிப் பாருங்கள், எதுவும் குறையவில்லை என்றால் அது ஒடித்துப் போட்ட உரைநடை. மேற்கோள் இரண்டு முதல் நான்கு வரி போதும். முழுக் கவிதையையும் எடுத்துப் போட்டுவிட்டு ‘அருமை’ என்று எழுதுவது விமர்சனத்திலும் சேராது, ஆசிரியருக்கும் நியாயமில்லை.

மொழிபெயர்ப்பில்தான் கருத்துச் சொல்கிறவர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். ‘ஆசிரியரின் நடை தெளிந்த நீரோடை’ என்று எழுதுவார்கள், ஆனால் அவர்கள் படித்தது மொழிபெயர்ப்பாளரின் நடை. பாராட்டோ குறையோ, நடை பற்றிய எதுவும் முதலில் அவருக்கே சேரும். கதைப்போக்கு, பாத்திரம், அமைப்பு ஆகியவை மூல ஆசிரியருக்கு. மூலமொழி தெரியாவிட்டாலும் தமிழை வைத்தே பாதி கண்டுபிடிக்கலாம். ‘அவன் தன்னுடைய கைகளைத் தன்னுடைய பாக்கெட்டுகளுக்குள் நுழைத்துக்கொண்டான்’ என்றால் ஆங்கிலம் அடியில் படுத்திருக்கிறது, தமிழில் பாக்கெட்டில் கைவிட்டுக்கொண்டால் தீர்ந்தது. ‘அது மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையாக இருந்தது’, ‘அவளால் கதவு திறக்கப்பட்டது’, தேவையில்லாத இடமெல்லாம் ‘ஒரு’, பெயர்ச்சொல்லுக்கு முன்னால் மூன்று வரிக்கு நீளும் எச்சத் தொடர் ஆகியவை அடையாளங்கள். முதல் பத்துப் பக்கத்தில் இத்தகையவை பக்கத்துக்கு ஒன்றுக்கு மேல் தென்பட்டால் நடையைக் குறை சொல்ல ஆதாரம் போதும். சிரிப்பு வர வேண்டிய இடத்தில் வரவில்லை என்றால் சிலேடை தொலைந்திருக்கலாம். அதற்கு ஆசிரியரைத் திட்டாதீர்கள். காப்புரிமைப் பக்கத்தையும் பாருங்கள்: ரஷ்ய, ஜப்பானிய, ஸ்பானிய நூல்கள் பல ஆங்கிலம் வழியாகவே தமிழுக்கு வருகின்றன. அப்படியென்றால் இரண்டு சல்லடை தாண்டி வந்ததை நீங்கள் படிக்கிறீர்கள், அதைச் சொல்லிவிடுவது முறை. ஆங்கிலப் பதிப்பு கையில் கிடைத்தால் ஒரே ஒரு பக்கத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்கு மேல் ஒப்பிடுவது தனிக் கட்டுரைக்கான வேலை.

தன்வரலாற்றில் இரண்டைப் பிரித்தே ஆக வேண்டும், வாழ்ந்த வாழ்க்கையும் எழுதிய புத்தகமும். துன்பப்பட்டவர் எழுதியது என்பதற்காகவே நல்ல புத்தகம் என்று சொல்லத் தோன்றும், மனம் அப்படி. 1920இல் உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக் இதன் பொது வடிவத்தைக் காட்டினார். படை அதிகாரிகள் தமக்குக் கீழுள்ளவர்களின் உடல்வாகு, அறிவு, தலைமைப் பண்பு, குணம் எல்லாவற்றையும் தனித்தனியே மதிப்பிடச் சொன்னாலும் மதிப்பெண்கள் ஒன்றையொன்று ஒட்டியே வந்தன. ஒன்றில் உயர்ந்தவர் எல்லாவற்றிலும் உயர்ந்துவிடுகிறார். இதைத் தாண்ட எளிய வழி, ஒரு தாளில் ஆண்டுக்கோடு வரைந்து புத்தகம் பேசும் ஆண்டுகளை அதில் நிரப்புவது. ஐந்தாறு ஆண்டு வெற்றிடம் தெரிந்தால் அங்கே ஏதோ தவிர்க்கப்பட்டிருக்கிறது. தவிர்க்க அவருக்கு உரிமை உண்டு, தவிர்த்திருக்கிறார் என்று குறிக்க உங்களுக்கும் உண்டு. பதில் சொல்ல முடியாதபடி இறந்துபோனவர்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார் என்பதையும் கவனியுங்கள்.

அறிவியல், வரலாறு, சமூகம் பற்றிய நூல்களில் ‘சுவாரசியம்’ என்பது பெரிய கண்கட்டு. அழகாக எழுதிய வாதம் சரியான வாதமாகவே தோன்றும். மூன்று கூற்றுகளைத் தேர்ந்தெடுங்கள்: ஒன்று உங்களுக்கு நன்றாகத் தெரிந்த துறையிலிருந்து, ஒன்று மிக வியப்பூட்டியது, ஒன்று நூலின் வாதமே சாய்ந்து நிற்கும் தூண். மூன்றையும் அடிக்குறிப்பு வழியாகப் பின்தொடருங்கள். தெரிந்த துறையிலேயே தவறு இருந்தால், தெரியாத துறையில் மட்டும் சரியாக இருக்கும் என்று நம்பக் காரணமில்லை. மூளையில் பத்து விழுக்காட்டைத்தான் பயன்படுத்துகிறோம் என்று எழுதிய புத்தகத்தை அந்த வரியிலேயே சந்தேகிக்கத் தொடங்கலாம். உளவியல் நூல் என்றால் வெளிவந்த ஆண்டு மிக முக்கியம். 2015இல் பெரிய கூட்டுமுயற்சி ஒன்று, இதழ்களில் வெளியான 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தது. மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்க முடிவைக் காட்டியிருந்தன, திரும்பச் செய்தபோது 36 விழுக்காடுதான் அப்படிக் காட்டின. அதற்கு முன் வந்த நூல் ஒரே ஆய்வை நம்பி ஓர் அத்தியாயத்தைக் கட்டியிருந்தால் அந்த அத்தியாயத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பரிந்துரையுங்கள்.

சுயமுன்னேற்ற நூலுக்கு அதிக நேரம் வேண்டாம். மையக் கருத்தை ஐந்து வாக்கியத்தில் எழுதுங்கள். மீதி 240 பக்கமும் அதே ஐந்துக்கு உதாரணம் என்றால் அதையே எழுதிவிடலாம். ஒலிநூலாகக் கேட்டிருந்தால் எந்த வேகத்தில் கேட்டீர்கள் என்று குறிப்பிடுங்கள், ஒன்றரை மடங்கு வேகத்தில் எந்த உரைநடையும் மூச்சுத் திணறும்.

பாதியில் விட்ட புத்தகத்தைப் பற்றிப் பேசலாமா? தாராளமாக, விட்ட பக்கத்தைச் சொன்னால். நூலகர் நான்சி பேர்ல் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு: 50 பக்கம் படித்தும் பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம், 50 வயதைத் தாண்டியவர்கள் 100இலிருந்து வயதைக் கழித்து, மிஞ்சும் பக்கம் மட்டும் படித்தால் போதும். 70 வயதுக்காரருக்கு 30 பக்கம். ‘132ஆம் பக்கத்தில் நிறுத்தினேன், அதுவரை இப்படி’ என்பது முழுமையான கருத்துதான். முடிவைப் பற்றியும் மொத்த அமைப்பைப் பற்றியும் மட்டும் வாய் திறக்கக் கூடாது.

அச்சுப் பிழை, ஒற்றுப் பிழை, கழன்று வரும் பக்கம் இவற்றைத் தனிப் பத்தியில் பதிப்பின் கணக்கில் எழுதுங்கள். ‘எக்கச்சக்கப் பிழை’ என்பதைவிட, தொடர்ச்சியான 20 பக்கத்தை எடுத்து எண்ணி ‘20 பக்கத்தில் 31’ என்பது பதிப்பகத்துக்கே உதவும். கொம்பும் காலும் எழுத்தைவிட்டுப் பிரிந்து தனியாக நின்றால் பழைய எழுத்துருவிலிருந்து ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றியபோது நேர்ந்ததாக இருக்கும். அதற்கு ஆசிரியர் பொறுப்பல்ல. எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு, மொழிபெயர்ப்பு யாருடையது என்பதை முதல் வரியிலேயே கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் தரும் பக்க எண் யாருக்கும் உதவாது.

எழுதும்போது பத்துக்கும் சம இடம் ஒதுக்காதீர்கள். மூன்று புத்தகத்துக்கு ஆளுக்கு 300 சொல், நான்குக்கு நூறு நூறு, மிச்சம் மூன்றுக்கு இரண்டிரண்டு வரி. படிக்கிறவருக்கு இந்த அளவே பாதிக் கருத்தைச் சொல்லிவிடும். நீளமான ஒவ்வொன்றிலும் நூல் என்ன செய்ய முயல்கிறது என்பதை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டு மதிப்பீட்டுக்குப் போங்கள். துப்பறியும் நாவலில் தத்துவம் இல்லை என்று குறைபட்டால் அது நூலின் குறையாகாது. ஒரு பலம், ஒரு குறை, இரண்டுக்கும் பக்க எண், யாருக்கு இது உதவும், யார் தவிர்க்கலாம். அருமை, அற்புதம், விறுவிறுப்பு, யதார்த்தம், ஆழம் ஆகிய சொற்களுக்கு ஒரு விதி: பக்கத்தில் ஆதாரம் நின்றால் இருக்கட்டும், இல்லையேல் அடித்துவிடுங்கள். அடித்தபின் பத்தியில் எதுவும் மிஞ்சவில்லை என்றால் அந்தப் புத்தகம் இரண்டு வரிப் பட்டியலுக்குப் போக வேண்டியது.

நட்சத்திரம் போடுவதென்றால் ஒவ்வொன்றுக்கும் பொருள் எழுதிவையுங்கள்: ஐந்து என்றால் மறுபடி படிப்பேன், நான்கு என்றால் பிறருக்குத் தருவேன், மூன்று என்றால் படித்ததற்கு வருத்தமில்லை, இரண்டு என்றால் நேரம் வீண், ஒன்று என்றால் நூலில் நேர்மைக் குறைவு. பத்துக்கும் நான்கு விழுந்திருந்தால் அளவுகோல் வேலை செய்யவில்லை. படித்த வரிசையையும் பாருங்கள், மிகச் சிறந்த நாவலுக்கு அடுத்த நாளே தொடங்கிய புத்தகம் பாவம், அதற்கு நியாயம் கிடைத்திருக்காது. அதன் முதல் முப்பது பக்கத்தை மட்டும் மறுபடி புரட்டுங்கள்.

ஆசிரியர் நண்பர், புத்தகம் இலவசமாக வந்தது, பதிப்பகத்தோடு கொடுக்கல் வாங்கல் உண்டு என்றால் முதல் பத்தியில் சொல்லிவிடுங்கள். கடைசியில் சொன்னால் அதுவரை படித்தவர் ஏமாந்ததாக உணர்வார். குறை சொல்லும்போது எழுவாய் புத்தகமாக இருக்கட்டும்: ‘இவருக்குப் பெண்களை எழுதத் தெரியாது’ என்பதற்குப் பதில் ‘இந்த நாவலில் ஐந்து பெண்கள், ஐவரும் கதாநாயகனைப் பற்றி மட்டுமே பேசுகிறார்கள்’. இரண்டாவது வாக்கியம்தான் கடுமையானது, மறுக்கவும் முடியாதது.

பத்தையும் எழுதி முடித்தபின் குறைகளை மட்டும் தனியே ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். ‘வர்ணனை அதிகம்’ என்பது பத்தில் ஆறு முறை வந்திருந்தால் ஆறு ஆசிரியர்களும் சேர்ந்து சதி செய்திருக்க மாட்டார்கள். வர்ணனை உங்களுக்கு ஆகாது, அவ்வளவுதான். அந்த ஒரு வரியைக் கட்டுரையின் தலையில் போட்டுவிட்டு, ஆறு இடத்திலும் அந்தக் குறையை நீக்கிப் பாருங்கள். அதன்பின்னும் எந்த இரண்டு புத்தகத்தில் வர்ணனை உறுத்துகிறதோ, அந்த இரண்டில் மட்டும், பக்க எண்ணோடு, திரும்ப எழுதுங்கள்.